குதிரை ஏறப் போறீங்களா? முதல்ல கையில ஒரு பட்டையைக் கட்டுங்க

மக்களே, சினிமா, அரசியல், சமையல், கவிதைன்னு எல்லாத்துக்கும் நம்ம வலைப்பதிவுகள்ல ஆள் இருக்கு. குதிரையேற்றத்துக்கு மட்டும் யாரையும் காணோம். அந்தக் குறையை அடியேன் தீர்த்து வைக்கலாம்னு இருக்கேன் :-) 'இவனுக்கு வேற வேலையே இல்லையா'ன்னு திட்டாம கொஞ்சம் படிங்க. விஷயம் சீரியஸ்.

ஊர்ல இருந்தவரைக்கும் எனக்குக் குதிரைன்னா அய்யனார் கோயில் மண்குதிரை, மெரினாவுல காசு குடுத்து ஒரு ரவுண்டு, அவ்வளவுதான். இங்கிலாந்து வந்த பிறகுதான் வாராவாரம் குதிரை ஏறுற பழக்கம் ஒட்டிக்கிச்சு. பாதுகாப்புன்னு பேச்சு வந்தா இங்க எல்லாரும் ஹெல்மெட்டையும் பாடி ப்ரொடெக்டரையும் காட்டுவாங்க. ரெண்டும் ரொம்ப அவசியம், மறுக்கலை. ஆனா அது ரெண்டும் அடியைக் குறைக்கும், அவ்வளவுதான். அடிபட்டு நினைவில்லாம கிடக்கும்போது உங்களுக்காகப் பேசாது. உங்களுக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை, என்ன மருந்து ஒத்துக்காதுன்னு சொல்ற ஒரு பட்டை உடம்புல இருக்கணும். போட்டி நாள்ல மட்டும் இல்லை, சும்மா சுத்தப் போற நாள்லயும் இருக்கணும். இதுதான் என் கட்சி.

'நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குங்க இதெல்லாம்?'னு ஒரு கூட்டம் கேக்கும். நம்ம சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவ் ஞாபகம் இருக்கா? 1985ல வந்த அன்னா கரினீனா படத்துக்காகக் குதிரை ஓட்டக் கத்துக்கிட்டவர். குதிரையே ஒத்துக்காம அலர்ஜி வந்ததால மாத்திரை போட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டாராம். அப்புறம் போட்டிகள்ல கலந்துக்கற அளவுக்குத் தேறிட்டார். 1995 மே 27, வர்ஜீனியாவுல ஒரு போட்டி. தடையைத் தாண்டப் போன குதிரை சடார்னு நின்னுடுச்சு. அவர் தலைகுப்புற விழுந்தார். ஹெல்மெட், பாதுகாப்பு உடுப்பு எல்லாம் போட்டிருந்தும் கழுத்தெலும்பு முறிஞ்சு, தானா மூச்சுகூட விட முடியலை. போட்டிங்கறதால உதவிக்கு ஆள் பக்கத்துலயே இருந்தாங்க, உயிர் பிழைச்சார். குதிரை சுமார் 500 கிலோ. அது மேல உக்காந்தா உங்க தலை தரையிலிருந்து எட்டடி உயரத்துல இருக்கும். அதுவா ஒரு முடிவு எடுத்துட்டா உங்க திறமையெல்லாம் அப்புறம்தான்.

போட்டி நடத்தறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஈவென்டிங்னு ஒரு வகைப் போட்டி இருக்கு. அதுல காட்டுமேடு, வேலி, தண்ணின்னு எல்லாத்தையும் குதிரையோட தாண்டணும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்போட விதி என்னன்னா, அவசரத்துல தெரிஞ்சாகணும்கற மாதிரி உடம்புல ஏதாவது பிரச்சினை இருந்தா, குதிரை மேல இருக்கும்போது அந்த விவரத்தை உடம்புல மாட்டியிருக்கணும். சமீபத்துல தலையில பட்ட அடி, பழைய பெரிய காயம், ஆபரேஷன், சர்க்கரை மாதிரி நாள்பட்ட வியாதி, தொடர்ந்து சாப்பிடற மருந்து, அலர்ஜி எல்லாம் அந்தப் பட்டியல்ல வரும். அமெரிக்க ஈவென்டிங்லயும் தண்ணி புகாத உறையில அட்டையைப் போட்டு, சட்டைக்கு வெளியே மேல்கையில கட்டுற வழக்கம் உண்டு.

ஆனா நம்மள மாதிரி ஆளுங்க எத்தனை பேர் போட்டிக்குப் போறோம்? பெரும்பாலும் ஹேக்கிங்தான். (கம்ப்யூட்டர் ஹேக்கிங் இல்லீங்கோ! வயல்வெளி, காட்டுப்பாதைன்னு ஜாலியா குதிரையில சுத்தறதுக்கு இங்க அதான் பேரு.) அன்னைக்கு எந்த விதியும் கிடையாது, பக்கத்துல டாக்டரும் கிடையாது.

நான் போற குதிரைப் பள்ளியில சேரும்போது ஒரு ஃபாரம் குடுத்தாங்க. வியாதி, மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும், எல்லாம் கேட்டிருந்தாங்க. நல்லா பொறுப்பா எழுதிக் குடுத்தேன். வாங்கி ஆபீஸ் அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாங்க. நான் விழப்போறதோ மூணு மைல் தள்ளி ஏதோ ஒரு புதர்ல. 'அட்டையை அவங்கவங்க கையில கட்டிவிட்டா என்ன?'ன்னு கேட்டேன். 'இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை'ன்னு பதில் வந்தது. இது ஒரு பதிலாங்க?

சரி, பட்டை இருந்தா என்ன பெருசா மாறிடும்? சர்க்கரையையாவது ஆம்புலன்ஸ்காரங்க வந்ததும் விரல்ல குத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சுடுவாங்க. மத்ததெல்லாம்?

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவர் தலையில அடிபட்டு விழறார். வெளியில ஒரு கீறல்கூட இருக்காது. மண்டைக்குள்ள ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு அவருக்கு அதிகம். ஸ்கேன் எடுக்கறது, மாத்திரையோட வேலையை முறிக்க மருந்து குடுக்கறது, எல்லாமே அந்த ஒரு தகவலைப் பொறுத்த விஷயம்.

எலும்பு தோலைக் கிழிச்சு வெளியே வந்துட்டா, கூடுமானவரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏத்தணும்ங்கறது இங்க வழிமுறை. வழக்கமா குடுக்கறது பெனிசிலின் குடும்பத்து மருந்து. உங்களுக்கு அது ஒத்துக்காதுன்னு மூஞ்சியைப் பார்த்தா தெரியுமா?

அட்ரினல் சுரப்பி சரியா வேலை செய்யாம தினமும் ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கு, பெரிய அடி பட்டா உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடணும். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து. இதுக்குன்னே 2020ல பிரிட்டன்ல அவசர அட்டை ஒண்ணு கொண்டு வந்தாங்க. அந்த அட்டை காருக்குள்ள பர்ஸ்ல தூங்கிட்டிருந்தா என்ன பிரயோஜனம்?

இந்தப் பட்டை பிறந்த கதையும் இதேதான். 1953, கலிஃபோர்னியாவுல டர்லாக்னு ஒரு ஊர். அங்க லிண்டா காலின்ஸ்னு ஒரு டாக்டர் பொண்ணுக்கு விரல்ல வெட்டுக்காயம். டெட்டனஸ் எதிர்மருந்து ஒத்துக்குதான்னு துளியூண்டு வெச்சுச் சோதிச்சதுக்கே உயிர் போற அளவுக்கு அலர்ஜி ஆயிடுச்சு. (அந்தக் காலத்துல அந்த எதிர்மருந்தைக் குதிரை ரத்தத்துல இருந்துதான் எடுத்தாங்க. பாருங்க, இங்கயும் குதிரை!) பிழைச்ச பிறகு பெத்தவங்க அவ கோட்டுல காகிதக் குறிப்பு குத்தி அனுப்பினாங்க, அப்புறம் வெள்ளியில கைவளையம் செஞ்சு போட்டாங்க. அதுல இருந்து 1956ல வந்ததுதான் மெடிக்அலர்ட் அமைப்பு.

'எல்லாம் ஃபோன்ல இருக்கே'ம்பீங்க. இருக்கு. ஐஃபோன்ல 2014லயே மெடிக்கல் ஐடி வந்தாச்சு, பூட்டின திரையிலயே திறக்கலாம். எல்லாரும் நிரப்பி வைங்க. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. விழுந்தா ஃபோன் உடையும், சார்ஜ் தீரும். நிறைய பேர் ஃபோனைச் சேணத்துப் பையில போடறாங்க. நீங்க விழுந்ததும் குதிரை என்ன பண்ணும்? உங்க ஃபோனையும் எடுத்துக்கிட்டு லாயத்துக்கே ஓடிடும் :-) அதனால ஃபோன் உங்க உடம்புல, லாயத்து நம்பர் எழுதின வில்லை குதிரை மேல. மாத்திடாதீங்க.

இனி, நம்மாளுங்க சமாச்சாரம். எனக்குத் தெரிஞ்ச குடும்பத்துல ஒரு பொண்ணு, 24 வயசு, டைப் 1 சர்க்கரை, தினமும் இன்சுலின். நல்லா குதிரை ஓட்டுவா. பட்டை கட்டச் சொன்னேன். அவங்கம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணா, வரன் பாத்துட்டிருக்கோம். இதைக் கட்டிக்கிட்டு ஃபோட்டோ கீட்டோ எடுத்துப் போட்டான்னா ஊருக்கே தெரிஞ்சுடாதா?"ன்னாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்கறது சரியாங்கறது தனிப் பதிவுக்கான விஷயம். சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, ஒரு பொண்ணு காட்டுப்பாதையில தள்ளாடினா பாக்கறவன் குடின்னு நினைப்பான், இல்லை தலையில அடின்னு நினைப்பான். ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் அவதான் சொல்லியாகணும், அவளாலயோ சொல்ல முடியாது. பட்டையைப் படிச்சா, வர்றவன் நினைவு இருக்கும்போதே சர்க்கரை குடுப்பான். (நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழல்ல போயிடும்.) இதைத்தான் சொன்னேன். பொண்ணு சிரிச்சுட்டு க்ளவுஸுக்கு மேல பட்டையைக் கட்டிக்கிட்டா. அவங்கம்மா இன்னும் என்கிட்ட சரியா முகம் குடுத்துப் பேசறதில்லை. பரவாயில்லை.

கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டா சில விஷயம்:

1. பேர், வியாதி, மருந்து, அலர்ஜி, வீட்டு நம்பர். இது போதும். கதை எழுதாதீங்க.

2. நம்மூர் டிரைவிங் லைசென்ஸ் பழக்கத்துல ரத்த குரூப்பைப் பெருசா எழுதுவோம். அதை நம்பி யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்க. அவசரத்துக்கு ஓ குரூப், அப்புறம் சோதிச்சுட்டு உங்க குரூப். அந்த இடத்துல மருந்துப் பேரை எழுதுங்க.

3. அட்டையை ஹெல்மெட்டுக்குள்ள வைக்காதீங்க. கழுத்துல அடி இருக்கலாம்னு யாரும் ஹெல்மெட்டை அவசரமா கழட்ட மாட்டாங்க, கழட்டவும் கூடாது.

4. தொங்கற சங்கிலி வேண்டாம், கடிவாளத்துல சிக்கும். மணிக்கட்டுல ஒட்டினாப்புல பட்டை, இல்லைன்னா மேல்கையில உறை.

5. க்யூஆர் கோடு மட்டும் போதாது. பள்ளத்தாக்குல சிக்னல் இருக்காது. எழுத்து வேணும்.

6. மருந்து மாறினா அட்டையையும் மாத்துங்க.

குதிரைப் பள்ளி நடத்தறவங்களுக்கும் ஒண்ணு. ஹெல்மெட் இல்லாம ஏத்த மாட்டேங்கறீங்க இல்ல? அதே கண்டிப்போட, ஃபாரத்துல வியாதின்னு எழுதினவங்க கையில ஒரு அட்டை கட்டி அனுப்புங்க. சில பவுண்டு செலவு. அலமாரிக்குள்ள இருக்கற காகிதம் யாரையும் காப்பாத்தாது.

'எனக்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்லை'ங்கறவங்க, தனியா சைக்கிள்ல போறீங்களா, மலையேறப் போறீங்களா? உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். வீட்ல இதைப் பேசினா என்ன பதில் வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. 'ஊருக்குத் தெரிஞ்சுடும்'ங்கற பதில் எத்தனை வீட்ல வருதுன்னு எண்ணிப் பாக்க ஆசை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க அட்டையில என்ன எழுதணும்னு உங்க டாக்டரைக் கேட்டு எழுதுங்க.