வாலில்லாத கார்

கார் என்றால் முன்னால் மூக்கு, நடுவில் வயிறு, பின்னால் வால். இதுதான் நம் ஊர் இலக்கணம். அம்பாஸடர், பத்மினி காலத்திலிருந்தே கல்யாண மண்டப வாசலில் மரியாதையாக வந்து நிற்க வேண்டுமானால் வால் வேண்டும். வாலே இல்லாத சின்னக் காரை, 'பாவம், சின்னப் பிள்ளை' என்று மன்னித்துவிடுவோம். ஆனால், வால் இருக்க வேண்டிய இடத்தில் கூரையை அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக் கதவு போட்டிருந்தால் தெருவே ஓடி வந்து கேட்கும்: "யாருக்கு என்ன ஆச்சு?"

இந்த ரக வண்டிக்கு ஸ்டேஷன் வேகன் என்று பெயர். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிவரப் பிறந்தது, அதனால் பெயரிலேயே ஸ்டேஷன். வெள்ளைக்காரன் எஸ்டேட் என்பான். ஐரோப்பாவில் பிள்ளை குட்டி, நாய், சைக்கிள் என்று சகலத்தையும் இதில் போட்டுக்கொண்டு கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் மட்டும் அதற்கு ஆம்புலன்ஸ் முகராசி.

முயற்சி பண்ணாமல் இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு ஃபியட் சியெனா வீக்எண்ட். 2003-ல் ஓப்பல் கோர்ஸா ஸ்விங். ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி. ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் போயின. ஓப்பல் என்ற பெயரே 2006-ல் இந்தியாவை விட்டுப் போயிற்று. அதை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இங்கே கடையையே மூடிவிட்டது.

ஸ்கோடா சமாசாரம் இன்னும் சுவாரஸ்யம். அது ஒரு குடும்பப் பெயர். ஆனால் செக் மொழியில் அதே வார்த்தைக்கு 'நஷ்டம்', 'ஐயோ பாவம்' என்றெல்லாம் அர்த்தம் உண்டு. ஆக்டேவியா என்பது லத்தீனில் எட்டாவது. நம் எண் ஜோதிடத்தில் எட்டு யாருடைய நம்பர் என்று சொல்லவே வேண்டாம். நஷ்டமும் சனியும் சேர்ந்த பெயரை வைத்துக்கொண்டு விருதுநகர் பஜாரில் ஒரு தள்ளுவண்டி விற்க முடியுமா? அவர்கள் கார் விற்றார்கள்! 2001-ல் இங்கே வந்த ஆக்டேவியாவுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இத்தனையும் எதற்கு என்றால், மல்லாங்கிணறில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு வண்டி பார்த்திருக்கேன். ஃபாரின் வண்டி. டிக்கியில கட்டிலே போடலாம். ஒண்ணு அறுபது சொல்றாங்க."

எந்தக் கம்பெனி வண்டி என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஐரோப்பாவில் பிறந்தது, பதினெட்டு வயது, கர்நாடகா நம்பர். அது போதும்.

அவனுக்குக் கார் ஆசை கிடையாது. சித்தப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். ரொம்ப நாளாகப் பார்த்துவரும் டாக்டரை விட மனசில்லாமல் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போய் வருகிறார்கள். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மாசம் பன்னிரண்டு தடவை வாடகைக் கார். சித்தப்பா சக்கர நாற்காலி. அதை மடக்கி டிக்கியில் திணிக்க வேண்டும், அவரை மடக்கிப் பின் சீட்டில் திணிக்க வேண்டும்.

"ஏத்தும்போதுகூடப் பரவாயில்லண்ணே. திரும்பி வரும்போது நாலு மணி நேரம் மெஷின்ல கிடந்துட்டு வர்றார். சீட்டுல ஏத்துறப்போ கண்ணை மூடிக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்."

கையில் இரண்டு லட்சம் வைத்திருந்தான். சிவகாசி காலண்டர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் மெஷின் ஓட்டிச் சேர்த்தது.

விருதுநகரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். புரோக்கர் வண்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தார். மெக்கானிக் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேரே போய் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

"காலையில யாரு ஓட்டினது?"

"சும்மா... ஒரு ரவுண்டு ஸார்."

"ஆற வையுங்க. டீ சாப்பிட்டு வர்றோம்."

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். சூடான இன்ஜின் எல்லாம் நல்ல பிள்ளை. ஆறிய பிறகு முதல் சாவிக்கு எப்படி எழுந்திருக்கிறது என்று பாருங்கள். என்ன புகை வருகிறது, என்ன சத்தம் போடுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது பாடம், இன்ஜின் விளக்கு. சாவியைத் திருப்பினதும் அது எரிய வேண்டும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிடக் கோளாறு. யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

மூன்றாவது, டைமிங் பெல்ட். பல் வைத்த ரப்பர் வார். இன்ஜினுக்குள் வால்வுகள் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தாளம் போடுவது அதுதான். பல இன்ஜின்களில் அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வந்து வால்வை முட்டும். அப்புறம் வண்டியின் விலையும் ரிப்பேர் பில்லும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கும். கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்படக் கூடாது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

"பெல்ட் மாத்தியாச்சு ஸார்" என்றார் புரோக்கர்.

"பில்?"

"பில் மதுரையில இருக்கு."

நம் நாட்டில் எல்லா பில்லும் வேறு ஊரில்தான் இருக்கின்றன.

நான்காவது பாடம் இந்த ரகத்துக்கே உரியது. பின் கதவைத் தாங்கும் இரண்டு கம்பிகளுக்குள் கேஸ் இருக்கும். வயசானால் வலு போய்விடும். குனிந்து சாமான் எடுக்கிறவர் பிடரியில் கதவு ஆசீர்வாதம் பண்ணும். அந்தக் கதவுக்குப் போகும் ஒயர்கள் திறந்து மூடித் திறந்து மூடியே உள்ளுக்குள் விண்டு போகும். பின் வைப்பரைப் போட்டால் ஹார்ன் அடிப்பது அதனால்தான்.

ஐந்தாவது, காகிதம். வெளி மாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று, படிவம் 28 வேண்டும். பெயர் மாற்ற 29, 30. கடன் பாக்கி தீர்ந்திருந்தால் 35. தமிழ்நாட்டு வரி தனி. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. விலையில் அறுபதாயிரம் குறைத்துவிட்டேன் என்று மார்தட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வருவதற்குள் தம்பி சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பின் கதவைத் திறந்து, சீட்டைச் சாய்த்து, காலி நாற்காலியை ஏற்றிப் பார்த்தான். மடக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. முன் சீட்டில் உட்கார வைத்ததும் சித்தப்பா காலை நீட்டிக்கொண்டார். தம்பி முகத்தைப் பார்த்த எனக்கு, அப்போதே வண்டியை வாங்கிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கெட்ட வண்டி இல்ல ஸார். நாலு சக்கரமும் தரையைக் கவ்விப் பிடிக்கும். முக்கால் லட்சம் செலவு பண்ணினா ராஜா மாதிரி ஓடும். ஆனா ஒரு சின்ன சென்ஸார் போச்சுன்னா, இங்கே கிடைக்காது. புதுப்பேட்டையில தேடணும், இல்லாட்டி டெல்லி காஷ்மீரி கேட்லேருந்து வரணும். அஞ்சு நாளும் ஆகும், பதினஞ்சு நாளும் ஆகும். அதுவரைக்கும் வண்டி ஷெட்டுல."

யாரும் பேசவில்லை. சித்தப்பாதான் பேசினார்.

"எனக்கு வாரத்துக்கு மூணு நாள். அது அந்தப் பெல்ட்டுக்குத் தெரியுமாப்பா?"

நம்பகம் என்ற வார்த்தைக்குக் கார் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். வண்டி கெட்டுப்போகுமா என்பது பாதிக் கேள்விதான். எல்லா வண்டியும் கெட்டுப்போகும். கெட்டுப்போனால் எத்தனை நாளில் எழுந்திருக்கும், அதுவரை நீங்கள் காத்திருக்க முடியுமா என்பது மீதிப் பாதி. வீட்டில் இன்னொரு கார் இருக்கிறவர் ஐரோப்பிய வேகனைத் தாராளமாக வாங்கலாம். அந்த விலைக்கு அந்த ஓட்டமும் அந்த இடமும் வேறெதிலும் வராது. ஒரே காராக, அதுவும் திங்கள், புதன், வெள்ளி விடியற்காலை ஐந்து மணிக்குத் தவறாமல் எழுந்தாக வேண்டிய காராக வாங்குகிறவர், முதலில் வண்டியைப் பார்க்கக் கூடாது. பக்கத்து ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பார்க்க வேண்டும்.

தம்பி கொஞ்சம் கடன் சேர்த்து, பழைய மாருதி ஈக்கோ வாங்கினான். பக்கக் கதவு வழுக்கித் திறக்கும். சித்தப்பாவை மடக்க வேண்டியதில்லை, நாற்காலியைத்தான் மடக்க வேண்டும். சாமான் காரியாபட்டியிலேயே கிடைக்கிறது. வேகனைப் பார்த்து "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு" என்று சிரித்த பக்கத்து வீட்டுக்காரர், இதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஈக்கோதான் நிஜமாகவே ஆம்புலன்ஸாகவும் விற்பனையாகிறது! அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தீபாவளிக்கு சிவகாசியிலேருந்து பத்துப் பெட்டி சரக்கு ஏத்திட்டு வரலாமா?" வெடியெல்லாம் லைசென்ஸ் உள்ள வண்டியில்தான் வரணும் என்று சித்தப்பாவே சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்.

அந்த வேகனை அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீடியோக்காரர் வாங்கியிருக்கிறாராம். கேமரா, லைட், ஸ்டாண்டு எல்லாம் படுத்துக்கொண்டே போகின்றன. வீட்டில் இன்னொரு கார் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

புரோக்கர் மட்டும் என்னை விடுவதாக இல்லை. நேற்றும் போன்.

"ஸார், ஸ்வீடன் வண்டி ஒண்ணு வந்திருக்கு. பெல்ட் மாத்தின பில்லோட!"

"பில் எங்கே இருக்கு?"

"ஸ்வீடன்ல ஸார்."