காணியும் கரண்டியும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைந்ததும் நம் கண் விமானத்தின் உச்சிக்கே போய்விடுகிறது. அதே கோயிலின் கல்லில் வெட்டியிருக்கும் சம்பளப் பட்டியலைத் தேடிப் படிப்பவர் குறைவு. கோயிலில் ஆடிப் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரில் தொடங்கி நட்டுவர், பாடுவோர், தச்சர், கன்னார், தையற்காரர், வண்ணார், நாவிதர் என நீளும் அந்தக் கணக்கில் ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். என்னை நெடுநாளாகக் கட்டிப்போட்டிருப்பது நெல்லின் அளவன்று, அதை ஒட்டிவரும் ஓர் ஏற்பாடு. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைத் தேடி அமர்த்த வேண்டும். குலத்தொழில் வழுவாமல் நடந்ததாக நாம் எண்ணிக்கொள்ளும் காலத்திலேயே, தகப்பனின் கைப்பாங்கு மகனுக்குத் தானாக வந்துவிடாது என்று அரசனின் ஓலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு அது மறந்துபோய்விட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்கள் இன்றும் தொட்டால் குளிர்கின்றன. அந்தப் பதம் எந்த ஏட்டிலும் இல்லை. பூசியவர்களின் விரல் நுனியில் இருந்தது. சிமெண்டு வந்தது. 1904இல் சென்னையிலேயே அதைத் தயாரிக்க முயன்றார்கள் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. பிறகு இரண்டு தலைமுறைக்குள் சுண்ணாம்பு அரைத்த செக்குகள் ஓய்ந்தன. 2012இல் சேப்பாக்கம் கலச மகால் தீயில் வெந்தபோது, அதைப் பழையபடி எழுப்பப் பழைய சுண்ணாம்புச் சாந்தையே மறுபடி நாட வேண்டியிருந்தது. தொலைத்தபின் தேடுவது நம் கட்டடத் தொழிலுக்குப் பழகிப்போன வழக்கம்.

கைகளைத் தேடிப் போவதும் அப்படியே. நம் கொத்தனார்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலும் விமானமும் ஏறினார்கள். இங்கே ஒழிந்த சாரங்களில் பீகாரியும் ஒடியரும் ஏறினார்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி சரிந்து 61 பேர் மாண்டபோது, உடல்கள் ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் பயணப்பட்டன. சட்டங்கள் இல்லாமலில்லை. தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. தமிழகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயேனும் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கவைத்த மத்தியச் சட்டம் 1996இல். ஓய்வூதியமும் ஈமச்சடங்கு உதவியும் பெரிய காரியங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் மேஸ்திரியின் கண்ணளவு அவரோடு போய்விட்டால் யாரிடம் கேட்பது என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் சான்றிதழ் தருகின்றன; தூக்குக்குண்டு ஆடி அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமை பல ஆண்டு ஒரே ஆசானின் வசவைக் கேட்டு வருவது. ஒப்பந்தக்காரருக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. அவருக்கு அடுத்த மாதம் தளம் போட வேண்டும்.

ஆசானுக்குப் பக்கத்திலேயே நின்றும் கற்பிக்கப்படாதவள் ஒருத்தி இருக்கிறாள். எடுபிடியாக வரும் இளைஞன் சில ஆண்டுகளில் நிமிந்தாளாகி, கரண்டி பிடித்து, கொத்தனாராகிவிடுகிறான். சித்தாளோ சித்தாளாகவே கிழவியாகிறாள். கலவையில் தண்ணீர் கூடியதை எட்ட நின்றே சொல்லிவிடும் கண் அவளுக்கு உண்டு. தஞ்சைக் கல்வெட்டு அந்த 400 பெண்களையும் பெயர் சொல்லி, எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்றுகூடக் குறித்துவைத்தது. சனிக்கிழமை மாலை சம்பளம் பிரிக்கும் மேஸ்திரியின் நோட்டைப் புரட்டினால் கொத்தனார்களின் பெயர்கள் இருக்கும். அதற்குக் கீழே, ‘சித்தாள் 3’.