ராக்கெட் வியாபாரத்தில் சிறு பட்டறைக்கும் பங்கு வேண்டும்



ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிவாக உள்ள நாளில் எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரையிலிருந்தே தெரியும். இத்தனை காலமும் அதைச் சர்க்கார் ராக்கெட்டாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 2020-ல் மத்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2022 நவம்பர் 18-ல் ஹைதராபாத் ஸ்கைரூட் கம்பெனியின் ராக்கெட் பறந்தது. 2024 மே 30-ல் நமது சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான அக்னிகுல் கம்பெனி, நான்கு முறை தள்ளிப்போயும் சளைக்காமல், ஸ்ரீஹரிகோட்டாவில் தானே அமைத்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவிக் காட்டியது. பெருமைதான். தனியார் வருவதை நான் எதிர்க்கவில்லை. நாமும் தனியார்தானே!

ஆனால் ஒரு விஷயத்தை வியாபாரக் கண்ணோடு பார்க்க வேண்டும். 2024-ல் வந்த அந்நிய முதலீட்டு விதிப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் ராக்கெட் தயாரிப்பில் 49 சதவீதம் வரை, செயற்கைக்கோளில் 74 சதவீதம் வரை அந்நியப் பணம் வரலாம். உதிரி பாகத் தயாரிப்பில் 100 சதவீதமும் வரலாம். அதாவது பெரிய சரக்குக்கு வேலி உண்டு. அம்பத்தூர் லேத் பட்டறை போன்றவை கைவைக்கக்கூடிய சில்லறைச் சரக்குக்கு வேலி இல்லை.

அந்நிய முதலீடு வந்தால் புதிய நுட்பமும் ஆர்டரும் வரும் என்கிறார்கள். வரட்டும். 2012-ல் பல சரக்குச் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது நாம் கடையடைத்து எதிர்த்தோம். அதில்கூட, 30 சதவீதக் கொள்முதல் சிறு தொழில்களிடமிருந்து இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மளிகைக்கு வைத்த நிபந்தனையை ராக்கெட் பாகத்துக்கும் வைத்தால் என்ன?

இன்னொன்று, பணம். சிறு தொழிலிடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. பெரிய கம்பெனி பில்லை இழுத்தடித்தால் சிறு முதலாளி வட்டிக்கு வாங்கியே அழிந்துபோவார். இது நமக்குத் தெரியாததல்ல.

மளிகைக் கடைக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பட்டறையில் வேலை இருந்தால்தான் மாதம் பிறந்ததும் நம் கடை நோட்டுப் பாக்கி அடையும். வடசென்னையில் ஆலை மூடிய தெருவில் கடை வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழக அரசும் 2025-ல் விண்வெளித் தொழில் கொள்கை வகுத்துள்ளது. சலுகை பெறும் ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்த இரண்டு நிபந்தனைகளையும் விதிக்க வேண்டும் என்று நமது சங்கம் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டுகிறேன்.