நிவந்தம் இல்லாத கொடை

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்க விரும்பியவர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று போய்விடவில்லை. அது அணையாமல் எரிவதற்கு வேண்டிய நெய்க்காக 96 ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டு, எக்காலத்தும் அத்தொகை குறையலாகாது என்பதற்காக அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயரிட்டுக் கல்லிலும் வெட்டுவித்தார். பொருளைக் கொடுப்பதோடு அதைப் பராமரிக்கும் வழியாகிய நிவந்தத்தையும் சேர்த்துக் கொடுப்பதே முழுமையான தர்மம் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, திருநெல்வேலி ஜில்லா கலெக்டராயிருந்த பென்னிங்டன் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் நூலகத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆடுகளின் நினைவே வருகிறது. ஊர் 1910ல் இராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறி, 1985ல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்து, இடையில் ஆங்கிலேயர் ஆட்சி போய்ச் சுயராஜ்யமும் வந்து, இத்தனை மாறுதல்களுக்கும் பிறகு ஒன்றரை நூற்றாண்டைத் தொட்ட அந்த ஸ்தாபனம் தளராமல் நிற்கிறதென்றால், தனக்கென்று கட்டிடங்களும் அவற்றிலிருந்து வாடகை வருமானமும் அதற்கு இருந்தமை முக்கியமான காரணம் என்றே கருதுகிறேன்.

எல்லாக் கொடைக்கும் இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாகவும் பின்னர் ஒரிசாவின் கவர்னராகவும் விளங்கிய பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு உவந்தளித்தார். அதனினும் பெரிய தியாகத்தை ஒரு தனிமனிதரிடம் எவரும் எதிர்பார்க்க முடியாது. அவர் 1957ல் காலமாகிவிட்டார். அவரைப் போன்றவர்கள் விட்டுச் சென்ற கட்டிடங்களின் கூரையையும் சுவரையும் கதவையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற வேண்டிய கடமை, கொடுத்தவருடைய சந்ததியாருக்கு உரியதா, பெற்றுக்கொண்ட ஊராருக்கு உரியதா? ஊராருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பராமரிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஐப்பசி அடைமழைக்கு முன் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த அரசிலைச் சருகை எடுக்க வேண்டும். சுவரோரமாக ஏறும் கறையான் புற்றை அன்றன்றே தட்டிவிட வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பத்திரிகைத் தொகுதியை விரித்தால் வெள்ளியாய் மின்னி ஓடும் இராமபாணப் பூச்சி, முதுகுப் பசையைத் தின்று தையலை அவிழ்த்திருக்கும், அதைப் பிரித்துத் தைத்துக் காலிகோ ஒட்ட வேண்டும். புதிய மின்விளக்குக்கும் மேஜைக்கும் 'உபயம்' என்று பெயர் எழுதித் தருவதற்கு நம் ஊர்களில் தாராள மனத்தவர் எப்போதும் உண்டு. சருகு எடுத்த கூலிக்கும் பைண்டிங் செலவுக்கும் பெயர் எழுத இடமில்லை. ஆகவே அவை தள்ளிப் போடப்படுகின்றன. தள்ளிப் போட்ட நூறு ரூபாய் வேலை பத்து ஆண்டில் லட்ச ரூபாய் வேலையாகிறது.

இந்தச் செலவுக்கு, இவ்விடங்களுக்கு வருகிறவரிடமே கட்டணம் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்குக்காக வரும் வெளியூர்க்காரரிடம் சிறு கட்டணம் பெறுவதில் குற்றமில்லை. ஆனால் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழிலாளியின் மகன், போட்டித் தேர்வுக்குப் படிக்க நூலகத்துக்கு வரும்போது வாசலில் ஒரு ரசீதுப் புத்தகம் அவனை நிறுத்துமானால், அந்த வாசல் யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவனுக்கே அடைபட்டதாகும். பிரிட்டனில் 2001ஆம் ஆண்டு தேசிய அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணத்தை அறவே நீக்கியபோது, அதுகாறும் வாசலில் வாங்கிய பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பேற்றது.

நமக்கோ பொதுப் பணத்தில் நூலகம் நடத்துவதற்குரிய சட்டம் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே கிடைத்துவிட்டது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த நாளில், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால், இந்தியாவிலேயே முன்னோடியாக 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. நூலகத்தினுள் ஒருநாளும் நுழையாத வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். கட்டுவதே நியாயம், ஏனெனில் படித்த பிள்ளைகள் உள்ள ஊரின் நன்மை படிக்காதவர் வீட்டுக்கும் வந்து சேர்கிறது. வருத்தம் என்னவெனில், வசூலித்த வரியை உள்ளாட்சி மன்றங்கள் நூலக ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் சேர்ப்பதில்லை என்ற முறையீடு இம்மாநிலத்தில் நெடுங்காலமாக ஓயாமல் இருந்து வருவதுதான். ஜனங்கள் கொடுத்தாயிற்று, கொடுத்தது போகவேண்டிய இடத்துக்குப் போக வேண்டும்.

எனவே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு நகராட்சிகளையும் நான் வேண்டுவது இது: ஆண்டுதோறும் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நின்ற பாக்கி எவ்வளவு என்பதை ஊர்ப் பொது நூலகத்தின் வாசற்கதவில், எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமலை நாயக்கர் அரண்மனையைப் போன்ற பழங்கட்டிடங்களுக்கும், அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் சில்லறைப் பழுதுகளுக்கென்று தனித்தொகை ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கப்படட்டும். புதுக் கட்டிடம் தர முன்வரும் ஆலை முதலாளிகளிடமும் வணிகப் பெருமக்களிடமும், கட்டிடச் செலவில் பத்தில் ஒரு பங்கையேனும் வங்கியில் வைப்பு நிதியாகச் சேர்த்துத் தந்தாலன்றி அடிக்கல் நாட்டுவதில்லை என்று நகர்மன்றம் தீர்மானம் போடட்டும்.