பூசுவது உள்ளே போகும்

“மேலுக்குப் பூசுற கிரீம்தானே? உள்ளுக்கா போகப்போகுது?” முகத்தை வெளுக்கவைக்கும் களிம்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பினாங்கு சூலியா தெருவில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எந்த ஊரிலும் முதலில் வரும் பதில் இதுதான். சாப்பிட்டால்தான் விஷம், பூசினால் வெறும் பூச்சு என்று நம்புகிறோம். அக்காவிடமிருந்து தங்கைக்கும், தோழியிடமிருந்து தோழிக்கும் இந்த நம்பிக்கை களிம்பு டப்பாவோடு சேர்ந்தே கைமாறுகிறது. இது பொய். சிறுநீரகத்தைக் காவு வாங்கும் பொய்.

சில வாரங்களிலேயே முகம் வெளுக்கிறதே, எப்படி? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். மேல்தோலின் அடியடுக்கில் உள்ள உயிரணுக்கள், டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் அதை உருவாக்குகின்றன. இத்தகைய களிம்புகள் பலவற்றில் கலந்திருக்கும் பாதரச உப்பு அங்கே இறங்கி அந்த நொதியை முடக்குகிறது. நிறமி குறைகிறது, முகம் வெளுக்கிறது. ஆக, பாதரசக் களிம்பால் முகம் வெளுத்ததே பாதரசம் உள்ளே போய்விட்டது என்பதற்குச் சாட்சி. அங்கிருந்து அது இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் இதைக் கண்ணெதிரே கண்டார்கள். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே, சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதாகி, புரதம் சிறுநீரில் வழிந்தோடும் நோயுடன் 22 பேர் அவர்களிடம் வந்தனர். அவர்களில் 15 பேருக்கு, வழக்கமாக அரிதாகக் காணப்படும் ‘நெல்-1’ வகைப் பாதிப்பு இருந்தது. விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் களிம்பு பூசியவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பூசுகிறவரோடும் இது நிற்பதில்லை. களிம்பிலுள்ள பாதரசம் துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டுகிறது. ஆவியாகி வீட்டுக் காற்றிலும் கலக்கிறது. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் சில குடும்பங்களைச் சோதித்தபோது, களிம்பைத் தொடவே தொடாத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் பிள்ளைக்கும் பங்கு போகிறது. வயிற்றில் வளரும் சிசுவும் தப்புவதில்லை.

“நான் ஒரு வருஷமாப் போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்பார்கள். சிறுநீரகம் தொடக்கத்தில் வலி காட்டாது. சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். வெயிலில் நின்றதால் என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். தூக்கம் கெடும், கை நடுங்கும், காரணமின்றி எரிச்சலும் மனச்சோர்வும் வரும். குடும்பக் கவலை என்று தள்ளிவிடுவோம்.

“கே.கே.எம். லுலுஸ்னு போட்டிருக்கே”, அதாவது சுகாதார அமைச்சு அனுமதித்ததுதானே, என்பது அடுத்த சமாதானம். மலேசியாவில் ஒப்பனைப் பொருளுக்குத் தரப்படும் ‘நாட்’ எண், விற்பனையாளர் தன் பொருளைப் பற்றிச் சுகாதார அமைச்சுக்குத் தானே அளித்த அறிவிப்பின் அடையாளம். அமைச்சு சோதித்துக் கொடுத்த நற்சான்று அல்ல. அந்த எண் பெற்ற களிம்புகளிலேயே பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு, தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அறிவிப்பை ரத்து செய்திருக்கிறது. விற்பவருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் கைப்பேசித் திரையில் பெயரை மாற்றிக்கொண்டு அதே விஷம் மறுபடியும் வருகிறது. தன் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் காலம் தொட்டுப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை.

2001இல் கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிந்தபோது தமிழர்கள் கொதித்தோம். அந்தத் தொழிற்சாலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் அதன் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. அந்தக் கோபம் நியாயமானது. ஊரில் கொட்டினால் குற்றம் என்று கொதித்த நாம், அதே பாதரசத்தைக் காசு கொடுத்து வாங்கி மகளின் முகத்தில் தடவுவது என்ன நியாயம்?

இந்தப் பொய்க்கு உயிர் கொடுப்பது இன்னொரு பொய்: வெளுத்த நிறமே அழகு என்பது. “பொண்ணு நல்லா வெள்ளையா இருக்கா?” என்று கேட்கும் மாமியாரும், பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணிக்கும் பாட்டியும், கருத்த பெண்ணை ஒப்பனையால் வெளுக்கவைத்த பிறகே மணமேடையில் உட்காரவைக்கும் நாமும் அந்தக் களிம்பு வியாபாரியின் சம்பளமில்லா முகவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கடல் தாண்டி வந்து சூலியா தெருவுக்குப் பெயர் தந்த வணிகர்களின் கருத்த மேனியில் எந்தக் குறையும் இல்லை. அவர்களின் பேத்திகளுக்கும் இல்லை.

ஆகவே, களிம்பு வாங்குமுன் உறையைப் படியுங்கள். ‘கலோமெல்’, ‘மெர்குரஸ் குளோரைடு’, ‘மெர்குரியோ’ என்று எழுதியிருந்தால் அது பாதரசம். தங்கம், வெள்ளி நகை மேல் படக்கூடாது என்று எச்சரித்திருந்தாலும் பாதரசம் இருக்கலாம். நகைக்கு ஆகாதது முகத்துக்கு எப்படி ஆகும்? எதுவுமே எழுதாத டப்பாவைத் தொடவே வேண்டாம். பாதரசம் கலப்பவர்கள் பலர் அதைச் சொல்வதில்லை. ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டி, சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், வெட்கப்பட வேண்டியவர் விற்றவர்.

வீட்டில் ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தன் நிறத்தை நொந்துகொண்டால், அவளுக்குக் களிம்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவள் நிறத்தில் குறை இல்லை என்று அவள் காதுபடச் சொல்லுங்கள்.