ஒன்பது மாசத்துல கிழடாயிடுமா?

சீனியர் ஒருத்தர் ஐ7-7700 போட்ட டெஸ்க்டாப்பை விக்கிறார். "வேணாம்டா, அது ஏழாவது ஜெனரேஷன், விண்டோஸ் 11-க்கு ஆகாது. ஐ3-8100 பாரு"ங்கிறான் நண்பன்.

மக்களே, முன்னது 2017 ஜனவரியில வந்தது, பின்னது அக்டோபர்ல. ரெண்டுலயும் 4 கோர், அடிப்படை வேகம் அதே 3.6 கிகாஹெர்ட்ஸ். ஆனா 7700-ல 8 த்ரெட், டர்போவில 4.2 வரை போகும். 8100-ல 4 த்ரெட், டர்போவே கிடையாது. வீடியோ ரெண்டரிங்ல எது முந்தும்னு நான் வேற சொல்லணுமா? மைக்ரோசாஃப்ட் பட்டியல்ல இடம் என்னவோ 8100-க்குத்தான்! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு.

நான் 7700-ஐ வாங்கி உபுண்டு போடப்போறேன். டேலி இல்லாம முடியாதுங்கிற பி.காம். நண்பர்கள் மட்டும் 8100 பக்கம் போங்க.