பத்திரிகைப் பரிசும் வெள்ளையரல்லாதாரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல வட்டாரங்களிலும் பத்திரிகைக்காரர்களின் சங்கங்கள் இருக்கின்றன. அவை ஆண்டுதோறும் நல்ல செய்தி, நல்ல படம், நல்ல தலையங்கம் என்று பல வகையில் பரிசு வழங்குவது வழக்கம். அவற்றுள் சில சங்கங்கள், வெள்ளையரல்லாதாரைப் பற்றி, அதாவது கருப்பர், அந்நாட்டுப் பூர்வ குடிகள், மெக்சிகோ முதலிய தேசங்களிலிருந்து வந்து குடியேறினவர்கள், ஆசியாக்காரர்கள் ஆகியவர்களைப் பற்றி நன்றாய் எழுதிய நிருபருக்கென்று தனிப் பரிசு ஒன்றையும் ஏற்படுத்தியிருக்கின்றன.

இதைக் கேட்டதும் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று சிலர் நினைக்கலாம். நாமும் சந்தோஷப்படாமலில்லை. ஆனால் நம் புத்திக்கு உடனே ஒரு கேள்வி எழுகின்றது. வெள்ளைக்காரரைப் பற்றி நன்றாக எழுதியதற்கென்று எந்தச் சங்கத்திலாவது பரிசு உண்டா? கிடையாது. ஏன் கிடையாதென்றால், அது பத்திரிகையின் அன்றாட வேலை. அன்றாட வேலைக்குச் சம்பளம் உண்டேயொழியப் பரிசு இல்லை. ஆகவே ஒரு கூட்டத்தாரைப் பற்றி எழுதுவதற்கு மாத்திரம் பரிசு வைக்க வேண்டியிருக்கின்றதென்றால், இதுவரை அவர்களைப் பற்றி எழுதாமலே காலந்தள்ளினோம் என்று பத்திரிகைக்காரர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகத்தானே அர்த்தம்?

எப்படிக் காலந்தள்ளினார்கள் என்பதற்கு ஓர் ஊரைச் சொல்லுவோம். கெண்டக்கி மாகாணத்தில் லெக்சிங்டன் என்று ஒரு பட்டணம். 1960-களின் துவக்கத்தில் அங்குள்ள கருப்பர்கள், சாப்பாட்டுக் கடைகளில் தங்களுக்கும் உட்கார இடம் வேண்டுமென்று உள்ளே போய் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். தெருவில் ஊர்வலம் போனார்கள். அவ்வூரில் அப்போது ஹெரால்டு, லீடர் என்று இரண்டு பத்திரிகைகள் இருந்தன. தங்கள் காரியாலயத்துக்குப் பக்கத்திலேயே நடந்த இந்தக் காரியத்தை அவை முதல் பக்கத்தில் போடாமல், கண்டும் காணாததுமாய் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் நாலு வரியாய்ப் போட்டு மூடின. கருப்பர் வீட்டுச் சாவையும் விசேஷத்தையும் போட, நிறத்தவர் குறிப்புகள் என்று ஒரு தனிப் பத்தி இருந்தது. ஊருக்கு வெளியே சேரி வைத்தது போதாதென்று காகிதத்துக்குள்ளேயும் ஒரு சேரி!

பின்னர் அவ்விரண்டும் ஒரே பத்திரிகையாயின. அந்தப் பத்திரிகை 2004-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, குடியுரிமைச் சட்டம் நிறைவேறி 40 வருஷமானதையொட்டி, அந்த இயக்கத்தின் செய்திகளை வெளியிடத் தவறிவிட்டோம், வருந்துகிறோம் என்று முதல் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டது. ஒரு கனவானின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் மறுநாளே திருத்தம் வந்துவிடும். ஒரு ஜன சமூகமே விட்டுப் போனதற்குத் திருத்தம் போட 40 வருஷம் பிடித்தது. ஆனாலும் அதையாவது செய்தார்களே என்றுதான் சொல்ல வேண்டும். அலபாமாவில் மான்ட்கோமரி அட்வர்டைசர் என்ற பத்திரிகை, கும்பல் கூடிக் கருப்பர்களைக் கொன்ற கொலைகளைப் பற்றித் தான் எழுதி வந்த முறைக்காக 2018-இல் வெட்கப்பட்டு எழுதியது. கான்சாஸ் சிட்டி ஸ்டாரும் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸும் 2020-இல் தங்கள் பழைய குற்றங்களை ஒப்புக்கொண்டன.

எழுதாமல் விட்டது ஒரு குற்றம். எழுதியபோது எழுதிய விதம் மற்றொரு குற்றம். தெற்கு மாகாணங்களின் வெள்ளைக்காரப் பத்திரிகைகள், வெள்ளையரின் பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிஸஸ் என்று மரியாதையாய்ப் போடும். கருப்பரென்றால் அவர் பாதிரியானாலும் பள்ளிக்கூட உபாத்தியாயரானாலும் மொட்டைப் பெயர்தான். கோர்ட்டிலும் இதே கதைதான். 1963-இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற கருப்பு மாது, தன்னை மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டாலொழியப் பதில் சொல்ல மாட்டேன் என்று கூண்டில் நின்று சொல்லிவிட்டார். கோர்ட்டை அவமதித்ததாக அவருக்குத் தண்டனை. சுப்ரீம் கோர்ட்டு 1964-இல் அதை ரத்து செய்தது. பெயருக்கு முன்னால் வரும் ஒரு சிறு சொல்லுக்காகச் சிறைக்குப் போக வேண்டியிருந்ததே, அதுதான் சுயமரியாதை என்பது.

இந்தப் பத்திரிகைகளின் யோக்கியதை இப்படியிருக்க, உண்மையை எழுதினவர்கள் யார்? கருப்பர்களேதான். ஐடா வெல்ஸ் என்ற அம்மையார் 1862-இல் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் பிரீ ஸ்பீச் என்ற பத்திரிகையில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். 1892 மார்ச்சில் அவருடைய சிநேகிதர் ஒருவரையும் இன்னும் இருவரையும் ஒரு வெள்ளைக்காரக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றது. அந்தச் சிநேகிதர் நடத்திய மளிகைக் கடை, எதிரேயிருந்த வெள்ளைக்காரன் கடைக்குப் போட்டியாய் இருந்ததுதான் விரோதத்துக்கு மூலம். கருப்பர்கள் வெள்ளைக்காரப் பெண்களைக் கெடுத்ததால் கொல்லப்படுகிறார்கள் என்று பத்திரிகைகளெல்லாம் ஊதிக்கொண்டிருந்த பொய்யை வெல்ஸ் அம்மையார் உடைத்து எழுதினார். மே மாதத்தில், அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, அவருடைய அச்சுக்கூடத்தை நாசமாக்கினார்கள். திரும்பி வந்தால் உயிர் போகுமென்றும் பயமுறுத்தினார்கள். அம்மையார் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இருந்துகொண்டு எழுத்தை விடவில்லை. அவர் கணக்கெடுத்த முறையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரப் பத்திரிகைகளே அச்சிட்ட கொலைச் செய்திகளை எண்ணி, இன்ன வருஷம் இத்தனை பேர், இன்ன குற்றம் சாட்டி இத்தனை பேர் என்று அட்டவணை போட்டுக் காட்டினார். எதிரியின் கையெழுத்தே சாட்சியான பிறகு எவன் மறுக்க முடியும்?

அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சர் 1917-இல் ஆரம்பமாயிற்று. வெல்ஸ் அம்மையார் 1931 வரையில் உயிரோடிருந்தார். அவருக்கு அந்தப் பரிசுக் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது 2020-ம் வருஷத்தில். செத்து 89 வருஷம் கழித்துத் திவசத்துக்குப் படைத்தது போல!

சிகாகோவில் ராபர்ட் அபட் என்பவர் 1905-இல் 25 சென்டு மூலதனத்தோடு 300 பிரதிகள் அச்சிட்டு டிபண்டர் என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். தெற்கில் அதை விற்க விடமாட்டார்கள். ரயில் வண்டிகளில் வேலை பார்த்த கருப்புச் சிப்பந்திகள் கட்டுக்கட்டாய் ஒளித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். நம் சங்கங்களிலும் சவரக்கடைகளிலும் பத்திரிகை படித்துக் கேட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் சவ அடக்கத்துக்குப் படம் பிடிக்க அனுமதிக்கப்பட்டவர்களில் ஒரு கருப்பர் கூட இல்லை என்று அவர் மனைவி கொரெட்டா அம்மையாருக்குத் தெரியவந்தது. எபனி பத்திரிகையின் மொனெட்டா ஸ்லீட்டை உள்ளே விடாவிட்டால் ஒருவரையும் விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று ஸ்லீட் எடுத்த படத்துக்கு, துக்க உடையிலிருக்கும் அம்மையார் மடியில் சிறு மகள் சாய்ந்திருக்கும் படத்துக்கு, 1969-இல் புலிட்சர் பரிசு வந்தது. பத்திரிகைத் தொழிலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் கருப்பர் அவர்தான். திறமை அதற்கு முந்திய நாளும் அவரிடம் இருந்தது, கதவுதான் திறக்கவில்லை.

ஆகவே விஷயம் பரிசில் இல்லை, நாற்காலியில் இருக்கின்றது. இதை நாம் மாத்திரம் சொல்லவில்லை. 1967-இல் நடந்த கலகங்களை விசாரிக்க அந்நாட்டு ஜனாதிபதி நியமித்த கெர்னர் கமிஷன் 1968-இல் வெளியிட்ட அறிக்கையில், செய்தி எழுதித் திருத்தும் வேலையிலிருப்பவர்களில் கருப்பர் 100-க்கு 5 பேர் கூட இல்லை, ஆசிரியர், மேற்பார்வையாளர் ஸ்தானங்களில் 100-க்கு ஒருவர் கூட இல்லை என்று கணக்குக் காட்டியது. 1978-இல் அந்நாட்டுப் பத்திராசிரியர் சங்கம் கூடி, 2000-க்குள் ஜனத்தொகை விகிதப்படி வெள்ளையரல்லாதார் காரியாலயங்களில் இருப்பார்கள் என்று தீர்மானம் போட்டது. தவணை நெருங்கியது, காரியம் ஆகவில்லை. 1998-இல் தவணையை 2025-க்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் 2019-இல் சங்கமே வேறொரு சங்கத்தோடு ஒன்றிப் பெயர் மாறிவிட்டது. இன்று ரொக்கம், நாளை கடன் என்று கடைக்காரர் பலகை மாட்டுவாரே, அந்தப் பலகைதான் இது.

தகுதி, திறமை கெட்டுவிடுமே என்று அங்கேயும் ஆட்சேபிக்கிறார்கள். ஊரில் நடந்த ஊர்வலத்தை 40 வருஷம் கண்ணில் படாமல் வைத்திருந்ததுதான் தகுதியோ என்று கேட்கின்றோம்.

பரிசு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விளம்பரக்காரர் முகம் சுளித்தாலும், ஆசிரியர் சுருக்கு என்றாலும், பிடிவாதமாய் அம்மக்களிடம் போய்ப் பேசி எழுதும் நிருபருக்கு அது ஒரு பிடிமானம். ஆனால் பரிசு வாங்க வரும் பத்திரிகையை, உன் காரியாலயத்தில் அந்த மக்கள் எத்தனை பேர், எந்த நாற்காலியில் என்று கேட்டுப் பதிலையும் பரிசோடு அச்சிட வேண்டும்.

நிற்க, அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமலிருக்க முடியாது. இந்தியப் பத்திரிகைகளிலும் டெலிவிஷன், இணையச் செய்தி நிலையங்களிலும் தலைமை ஸ்தானங்கள் 121-ஐ எடுத்து ஆராய்ந்து 2019-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவற்றில் 106 மேல் ஜாதியாரிடம் இருந்தன. தாழ்த்தப்பட்டவர், மலைஜாதியினர் ஒருவர் கூட இல்லை. மிஸ்டர் போடாத அமெரிக்கப் பத்திரிகையைப் பார்த்துச் சிரிப்பவர்கள், பண்ணையார் காலமானார், கூலியாள் செத்தான் என்று எழுதும் தமிழ்ப் பேனாவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர்கள் பாஷையில் ஒரு சொல்லை விட்டார்கள். நமக்கோ வினைச்சொல்லின் வாலிலேயே ஜாதி ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

நம் பத்திரிகையின் ஊர்ச் செய்திப் பக்கத்திலும் இது தப்பி வந்திருக்கலாம். எந்த இதழில், எந்தப் பத்தியில் என்று குறித்துத் தோழர்கள் ஒரு கார்டு எழுதிப் போட்டால், அடுத்த வாரமே முதல் பக்கத்தில் திருத்தம் வெளியிடுவோம்.